காற்பந்துக்குள் ரப்பர் பால்: விளையாட்டு விழாவும் நியாயமான கொள்முதலும்

பள்ளித் திடலில் நடக்கும் ஓட்டப் பந்தயமானாலும் ஒலிம்பிக் போட்டியானாலும், ஏற்பாட்டாளர்களின் முதல் வேலை பொருள் வாங்குவதுதான். பந்து, ஜெர்சி, கோப்பை, குடிநீர், உணவு, கூடாரம் எனப் பட்டியல் நீளும். இவற்றை வீணாக்காமல், இயற்கையைக் கெடுக்காமல், உழைத்தவருக்கு உரிய கூலி சேரும்படி வாங்குவதையே நியாயமான, நிலைத்தன்மையுள்ள கொள்முதல் என்கிறார்கள். இதற்கான அனைத்துலகத் தர விதியான ஐஎஸ்ஓ 20121, லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012-இல் வெளிவந்தது.

ரப்பர் மண்ணின் பங்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கு இது தூரத்து விஷயமன்று. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கு நிற்கிறது. டென்னிஸ் பந்தின் உள்கூடும் பல காற்பந்துகளின் காற்றுப்பையும் ரப்பரால் ஆனவை. மலேசிய ரப்பரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறு தோட்டக்காரர்களிடமிருந்தே வருகிறது. பந்து என்ன விலைக்கு விற்றாலும், விடியற்காலையில் பால்மரம் சீவுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய ரப்பர் விலையைப் பொறுத்ததே.

உழைப்பின் பலன் யாருக்கு என்ற கேள்வி இவ்வூருக்குப் பழகியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

தைத்த கைகள்

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் கையால் தைக்கும் காற்பந்துகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே சிறுவர்கள் பந்து தைப்பது உலகுக்குத் தெரியவந்தபின், 1997 பிப்ரவரியில் அட்லாண்டா ஒப்பந்தம் கையெழுத்தானது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெப், சியால்கோட் வர்த்தகச் சங்கம் மூன்றும் அதில் இணைந்தன. வாங்குபவர்கள் கேள்வி கேட்டதால்தான் இந்த மாற்றம் வந்தது.

தோக்கியோவில் மலேசியப் பொருள்கள்

தோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் பதக்கங்கள், மக்கள் கொடுத்த 78,985 டன் பழைய மின்னணுக் கருவிகளிலிருந்து எடுத்த உலோகத்தால் ஆனவை. அவற்றுள் கைப்பேசிகள் மட்டும் 62 லட்சம்.

அதே போட்டிக்கான புதிய அரங்கக் கட்டுமானத்தில் சரவாக் ஒட்டுப்பலகை பயன்பட்டது 2017-இல் தெரியவந்தபோது, காட்டையும் பூர்வகுடிகளின் நில உரிமையையும் முன்வைத்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. செம்பனை எண்ணெய்க்கும் கொள்முதல் விதி வகுக்கப்பட்டது. ஏற்கப்பட்ட சான்றிதழ்களில் மலேசியாவின் எம்.எஸ்.பி.ஓ.வும் ஒன்று. இச்சான்றிதழ் நம் நாட்டில் 2020 முதல் கட்டாயம்.

நம் திடலில் செய்யக்கூடியவை

பள்ளி, ஆலயம், இளைஞர் மன்றம் நடத்தும் போட்டிகளுக்குச் சான்றிதழ் தேவையில்லை. சில பழக்கங்கள் போதும்.

• பதாகையில் ஆண்டையும் தேதியையும் அச்சிடாமல் விட்டால் அடுத்த ஆண்டும் உதவும். சுழற்கோப்பை இருந்தால் புதிய கோப்பை வேண்டாம்.

• போத்தல் தண்ணீருக்குப் பதில் பெரிய தோம்பில் குடிநீர் வைத்து, பிள்ளைகளைச் சொந்தப் போத்தலுடன் வரச் சொல்லலாம். போலிஸ்திரின் பெட்டிக்கு மாற்றாக வாழை இலை இருக்கிறது.

• உணவை வட்டாரத்தில் சமைத்து விற்கும் தாய்மார்களிடம் எடுக்கலாம். விலையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, அன்றே பணம் கொடுத்துவிட வேண்டும். சிறு வியாபாரிக்குத் தாமதமான பணம் நட்டமே.

• ஜெர்சி எங்கே தைக்கப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மிகக் குறைந்த விலை சில நேரம் யாரோ ஒருவரின் கூலியிலிருந்து பிடித்ததாக இருக்கும்.

• குறைந்தது இரண்டு கடைகளில் விலை கேட்டு, ரசீதுகளைப் பொதுக் கூட்டத்தில் காட்டினால் செயலவைமீது சந்தேகம் எழாது.

போட்டி முடிந்ததும் மிஞ்சிய உணவையும் நிரம்பிய குப்பைப் பைகளையும் எண்ணிக் குறித்து வைப்பது நல்லது. அடுத்த ஆண்டு எதை எவ்வளவு வாங்குவது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.