ஒரே திசையில் இரு ஓடுபாதைகள்: ஜுஹுவும் சாந்தாகுரூஸும்

பம்பாயின் ஜுஹு வானூர்தி நிலையம் 1928இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அதற்குக் கிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில், பிரித்தானிய அரச விமானப்படை சாந்தாகுரூஸ் தளத்தை அமைத்தது. போருக்குப் பின் பயணிகள் போக்குவரத்து அங்கு மாறியது. இரு நிலையங்களின் முதன்மை ஓடுபாதைகளும் ஏறத்தாழ ஒரே திசை நோக்கியவை: ஜுஹுவில் 08, சாந்தாகுரூஸில் 09. கடல்வழி வரும் விமானிக்கு முதலில் தென்படுவது ஜுஹுவே.

1953இல் பிஓஏசி நிறுவனத்தின் காமெட் விமானம் தவறுதலாக ஜுஹுவில் இறங்கியது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானமும் அவ்வாறே இறங்கி, குறுகிய ஓடுபாதையைத் தாண்டி ஓடிச் சிதைந்தது. உயிரிழப்பு இல்லை.

வானொலி வழிகாட்டி நிலையம் மோர்ஸ் குறியீட்டில் தன் அடையாளத்தை ஓயாது ஒலிபரப்பும். ஓடுபாதைக்கோ அவ்வாறு பெயர் சொல்லும் குரலில்லை. அது கண்ணில் பட்டதும் விமானி செவியை விடுத்துப் பார்வையை நம்புகிறார். லண்டனில் 1960இல் பான் ஆம் போயிங் 707 ஹீத்ரோவுக்கு மாறாக நார்த்தோல்ட் படைத்தளத்தில் இறங்கியதும் இவ்வகையே. அங்கு எரிவாயுத் தொட்டிகள்மீது பேரெழுத்துகள் தீட்டி வழிகாட்டினர்.

இவற்றை ‘விமானியின் பிழை’ என்று மட்டும் வகைப்படுத்தினால், படைத்தேவைக்காகத் தேர்ந்த நிலம் அமைதிக்காலத்திற்கு விட்டுச்சென்ற இடர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடும்.