கழுத்தில் கிடைத்த முகவரி

1977ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பஃபலோ நகரம். ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் இடது காறையெலும்புக்கு மேலே வீங்கியிருந்த நெறிக்கட்டியில் ஊசி இறங்கியது. புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று அதற்குள் கழுத்துவரை ஏறியிருந்தது. ஊசியில் வந்த செல்களை ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் ஜூலியஸ் ஹோரோஷெவிச் குழுவினர் வளர்க்கப் பார்த்தார்கள். புராஸ்டேட் செல்கள் உடலுக்கு வெளியே லேசில் பிழைப்பதில்லை. இவை பிழைத்தன. மெதுவாகத்தான் பெருகின; குடுவையின் அடியில் சரியாக ஒட்டாமல், கொஞ்சம் அசைத்தாலே கொத்துக் கொத்தாகப் பிரிந்து மிதந்தன. எல்என்கேப் என்று பெயர் பெற்ற அந்தச் செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன.

புற்றுசெல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம் செல்தான். அதை மட்டும் அடையாளம் கண்டு கொல்வது எப்படி என்பதுதான் என்றைக்குமான சங்கடம். புராஸ்டேட்டில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. இதயமோ கல்லீரலோ இல்லாமல் வாழ முடியாது. புராஸ்டேட் இல்லாமல் வாழலாம். தேவைப்பட்டால் அறுவை செய்து எடுத்தே விடுகிறார்கள். அப்படியென்றால் புற்றுக்கு மட்டும் உரிய அடையாளத்தைத் தேடி அலைய வேண்டாம். புராஸ்டேட் திசுவுக்கு மட்டும் உரிய புரதம் ஒன்று கிடைத்தாலே போதும். நல்ல செல்லும் சேர்ந்து போனால் போகட்டும். இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் அப்போதே தெரிந்ததுதான். ஆனால் அது செல்லை விட்டு வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடும்; நோயை வேவு பார்க்க உதவும், குறிவைக்க உதவாது. செல்லின் சவ்விலேயே நிலையாகப் பதிந்திருக்கும் ஒன்று வேண்டும். எல்என்கேப் செல்களின் சவ்வை எலிகளுக்குச் செலுத்தி, 1987இல் ஹோரோஷெவிச் குழு 7ஈ11 என்ற ஆன்டிபாடியைக் கண்டறிந்தது. அது எதைப் பிடிக்கிறது என்று அப்போது தெரியாது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வாரன் ஹெஸ்டனின் குழு அதே ஆன்டிபாடியைத் தூண்டிலாக்கி, அதில் சிக்கிய புரதத்திலிருந்து பின்னோக்கி நடந்து, 1993இல் மரபணுவையே எட்டியது. 750 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்துக்குப் பிஎஸ்எம்ஏ என்று பெயர் வைத்தார்கள்.

புரதத்தின் வரிசை கைக்கு வந்ததும்தான் ஒரு குறை வெளிப்பட்டது. பிஎஸ்எம்ஏவில் 707 அமினோ அமிலங்கள் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது வெறும் 19. 7ஈ11 பிடித்ததோ அந்த உள்வாலின் நுனியை! உயிரோடிருக்கும் செல்லுக்குள் ஆன்டிபாடி நுழைய முடியாது. சவ்வு கிழிந்து சாகும் செல்களில்தான் அது ஒட்டும். அதை வைத்து உருவான புராஸ்டாசின்ட் ஸ்கேனுக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தும், படம் தெளியவில்லை. வெளிப்பகுதியைப் பற்றும் ஆன்டிபாடியை கார்னெல் பல்கலைக்கழகத்தின் நீல் பேண்டர் 1997இல் தந்தார்.

திருப்பம் வந்தது மூளையிலிருந்து. நரம்புச் செல்களுக்கிடையே குளூட்டமேட்டை விடுவிக்கும் நொதி ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேறொரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. 1996இல் பார்த்தால், அந்த நொதியும் பிஎஸ்எம்ஏவும் ஒன்றே. நரம்பைக் காக்கவென்று அந்த நொதியைத் தடுக்கும் சின்னஞ்சிறு யூரியா மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் செய்துவந்தார்கள். நரம்பு மருந்துக்காகச் செய்த அந்தச் சாவி புராஸ்டேட்டின் பூட்டிலும் பொருந்தியது. ஆன்டிபாடி பெரியது, ரத்தத்தில் நாள் கணக்கில் சுற்றும். இதுவோ சட்டென்று போய் ஒட்டிக்கொண்டு, மிச்சம் சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஜெர்மனியின் ஹைடெல்பர்க் ஆய்வாளர்கள் அந்தச் சாவியில் கதிரியக்கத்தைக் கட்டினார்கள். காலியம்-68 கட்டினால் பெட் ஸ்கேன். லூட்டீஷியம்-177 கட்டினால் மருந்து. அதன் பீட்டா கதிர் திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் தூரம்தான் பாயும். நம் டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையிலும் இந்த லூட்டீஷியம் தயாராகிறது.

மற்ற சிகிச்சைகளைத் தாண்டி நோய் முற்றிய 831 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், லூட்டீஷியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். நான்கு மாதம்தானே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 மார்ச்சில் அமெரிக்கா இம்மருந்தை அனுமதித்தது.

பிஎஸ்எம்ஏவின் பெயரில் புராஸ்டேட்டுக்கே உரியது என்ற பொருள் இருந்தாலும், சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் அது உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்கின்றன. அந்தச் சோதனையில் மருந்து பெற்றவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு வாய் வறண்டது. காய்ந்த ரொட்டித் துண்டை விழுங்கவும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியை விட்டுவிட்டுப் புற்றை மட்டும் தொடும் மூலக்கூறைத் தேடி இன்னும் வேலை நடக்கிறது.