சண்டை போடத் தெரியாத சண்டைப்பட இயக்குநர்

சீனச் சண்டைப் படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புரூஸ் லீ, அடுத்து ஜாக்கி சான். இவர்கள் நட்சத்திரங்களாவதற்கு முன்பே அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இயக்குநர் கிங் ஹூ. வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் குங்ஃபூ தெரியாது! இதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

1932-ல் பெய்ஜிங்கில் பிறந்த இவரது இயற்பெயர் ஹூ ஜின்சுவான். பாட்டு, தாளம், முகப்பூச்சு, குட்டிக்கரணம் எல்லாம் கலந்த பீக்கிங் ஓபராவைப் பார்த்து வளர்ந்தவர். 1949-ல் ஹாங்காங் வந்து சேர்ந்தார். அச்சகத்தில் பிழை திருத்துவது உட்படக் கிடைத்த வேலையைச் செய்தார். 1958-ல் ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் நுழைந்து அரங்க அலங்காரம், நடிப்பு, உதவி இயக்கம் என எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

1966-ல் வந்தது 'கம் டிரிங்க் வித் மீ'. கதாநாயகி செங் பெய்-பெய் நடனம் பயின்றவர், வாள்வீச்சு பயின்றவர் அல்ல. கிங் ஹூவுக்கு வேண்டியதும் அதுதான். அவருக்குச் சண்டை என்பது ஒருவகை நடனம். ஒரு சத்திரத்தில் ஆண் வேடத்தில் நாயகி அமைதியாக அமர்ந்திருக்கிறாள். சுற்றிலும் எதிரிகள். யாரும் அசைவதில்லை. திடீரென்று எல்லாம் வெடிக்கிறது! சண்டையை விட, சண்டைக்கு முந்தைய அந்தக் காத்திருப்புதான் பார்ப்பவரை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருகிறது.

படம் ஓடியது. ஆனால் நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை. தைவான் சென்றார். அங்கே 1967-ல் எடுத்த 'டிராகன் இன்' பெரும் வெற்றி பெற்றது. அந்த வெற்றி தந்த துணிச்சலில் தொடங்கியதுதான் 'எ டச் ஆஃப் ஜென்'.

அதன் மூங்கில் காட்டுச் சண்டை திரையில் சுமார் 10 நிமிடம். படமாக்க ஆனதோ 25 நாட்கள். கணினி வித்தை இல்லாத காலம். கண்ணுக்குத் தெரியாமல் வைத்த துள்ளுமேடைகளிலிருந்து நடிகர்கள் குதித்தார்கள். குதிப்பது ஒரு துண்டு, காற்றில் பறப்பது ஒரு துண்டு, பாய்ந்து இறங்குவது ஒரு துண்டு எனப் படமெடுத்து, கண் சரியாகப் பிடிப்பதற்குள் மறையும்படி வெட்டி ஒட்டினார். பார்ப்பவர் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

1968-ல் தொடங்கிய படம் 1971-ல்தான் முடிந்தது. பொறுமையிழந்த தயாரிப்பாளர்கள், படப்பிடிப்பு முடியும் முன்பே 1970-ல் முதல் பாகத்தை வெளியிட்டார்கள். படம் தோற்றது. ஆனால் 1975-ல் கான் திரைப்பட விழாவில் அதன் முழு வடிவம் திரையிடப்பட்டு, உயரிய தொழில்நுட்ப விருதை வென்றது. சீனச் சண்டைப் படம் ஒன்றை உலகம் கலைப்படைப்பாகப் பார்த்தது அப்போதுதான்.

இந்த நிதானத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஹாங்காங் சினிமா வேகமாக எடுத்து வேகமாக வெளியிடும் தொழிலாகியிருந்தது. 1979-ல் தென்கொரியாவில் ஒரே காலத்தில் எடுத்த 'ரெயினிங் இன் தி மவுண்டன்', 'லெஜண்ட் ஆஃப் தி மவுண்டன்' இரண்டையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். வாய்ப்புகள் மட்டும் குறைந்துகொண்டே போயின. 1990-ல் வந்த 'ஸ்வார்ட்ஸ்மேன்' படத்திலிருந்து பாதியில் விலகினார். கலிபோர்னியாவில் ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்களைப் பற்றிய படம் அவரது நெடுநாள் கனவு. அது கைகூடும் நேரத்தில், 1997 ஜனவரியில் தைபேயில் இதய சிகிச்சையின்போது இறந்துபோனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2000-ல், ஆங் லீயின் 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' உலகெங்கும் ஓடியது. அதிலும் ஒரு மூங்கில் காட்டுச் சண்டை. அதன் வில்லி, அதே செங் பெய்-பெய்!

2003-ல் சாய் மிங்-லியாங் எடுத்த 'குட்பை, டிராகன் இன்' படத்தில், மூடப்போகும் ஒரு பழைய திரையரங்கில் கடைசிப் படமாக 'டிராகன் இன்' ஓடுகிறது. கூட்டமே இல்லை. இருக்கும் சிலரில் இருவர், அந்தப் படத்திலேயே இளமையில் நடித்தவர்கள். திரையில் வாள் வீசும் தங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் நீர் நிற்கிறது.