லயத்தின் சாட்சியம்: மலையக நூதனசாலைகளும் குடியேற்ற ஆட்சி வரலாறும்

நூதனசாலையொன்று எதைப் பேணுகின்றது என்பதைப் போன்றே எதைப் பேணாது விடுகின்றது என்பதும் வரலாற்றுச் சான்றாகும். குடியேற்ற ஆட்சிக்காலம் மலையகத்தில் எவ்வாறு காட்சிப்படுத்தப்படுகின்றது என்பதை இந்நோக்கிலே ஆராய முற்படுகின்றோம்.

கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய தொழிற்சாலை இயந்திரங்களும், 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்குள்ளன. இவை பேணத்தக்கனவே. ஆயினும் இவற்றை மட்டும் காண்போர், தேயிலையின் வரலாற்றை இயந்திரத்தின் வரலாறாகவும் துரைமாரின் துணிவாகவுமே உணர்வர். நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் பழைய தொழிற்சாலையொன்று உல்லாச விடுதியாகியுள்ளது. ஹற்றன் பகுதியில் துரைமார் பங்களாக்கள் சிலவும் அவ்வாறே மாறியுள்ளன. தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் கிடைத்த இம்மதிப்பு லயத்துக்கு எளிதிற் கிடைக்கவில்லை.

கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007ஆம் ஆண்டு அமைத்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இக்குறையை நிரப்ப முயன்றது. தொழிலாளர் குடும்பங்கள் பயன்படுத்திய பாத்திரங்களும் கருவிகளும் பத்திரங்களும் அங்கு சேகரிக்கப்பட்டுள்ளன. அது பழைய லயமொன்றிலேயே அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. பொருள்களைத் தாங்கும் கட்டடமே அங்கு முதன்மைச் சான்றாகின்றது.

இத்தகைய சான்றுகளை எவ்வாறு வாசித்தல் வேண்டும்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்கு, தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண் பொறித்த தகரத் தகடு வழங்கப்பட்டது. நிருவாகத்தின் பார்வையில் அது பயண ஒழுங்கு. தொழிலாளியின் பார்வையிலோ வழிச்செலவு கடனாக ஏறத் தொடங்கிய இடம். அக்கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவிடாத துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் இணங்கிய 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் வேறுவகைக் கடதாசிகளை அம்மக்களின் கைகளில் திணித்தன. தகரத் தகட்டையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்து நோக்கின், மக்களை எண்ணாக்கும் வழக்கம் குடியேற்ற ஆட்சியோடு முடிவுறவில்லை என்பது புலனாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நூதனசாலையிலே கடந்தகாலமாய்த் தோன்றும் லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவ்வாழ்க்கை முடிவுற வேண்டும். அதன் சான்றுகள் அழிதல் ஆகாது. புதுவீடு செல்லும் குடும்பம் எறிந்துவிடும் பித்தளைக் குடமும் பற்றுச்சீட்டும் மீளக் கிடைப்பனவல்ல. ஆதலின் ஒவ்வொரு பொருளையும் உடையவரின் பெயரோடும் அவர் கூறும் வரலாற்றோடும் பதிவுசெய்தல், தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள எம் மாணவரின் முதற்கடமையாகும். செக்ரோலில் எண்ணாக நின்றவர் வரலாற்றில் பெயரோடு நிற்பதற்கு அதுவே வழி.