வீவர்: பிளாக்செயின்களுக்கு இடையே சான்றுப் பரிமாற்றம்

வீவர் என்பது, தனித்தனியாக இயங்கும் பிளாக்செயின் வலைப்பின்னல்கள் ஒன்றிடம் ஒன்று தகவல் கேட்டுப் பெறவும், வந்த தகவல் மெய்தானா என்று தாமே சரிபார்க்கவும் உதவும் திறந்தமூல மென்பொருள். இந்தியாவில் பணியாற்றுவோர் உள்ளிட்ட ஐபிஎம் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு அடித்தளம். 2022இல் இது ஹைப்பர்லெட்ஜர் கேக்டஸ் என்ற மற்றொரு திறந்தமூலத் திட்டத்துடன் இணைந்து, 'கேக்டை' என்ற திட்டமானது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஓர் ஏற்றுமதியாளர் சரக்கு அனுப்புவதாகக் கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறியதற்கான பில் ஆஃப் லேடிங், கப்பல் நிறுவனங்களின் வலைப்பின்னலில் பதிவாகிறது. பணம் தருவதாக உறுதியளிக்கும் வங்கிக் கடிதமான எல்.சி., வங்கிகளின் வலைப்பின்னலில் இருக்கிறது. விற்றவரே ஆவணத்தை வங்கியிடம் கொண்டுவந்து கொடுத்தால் போலிக்கு வழியுண்டு. 2019 கட்டுரை இந்தச் சிக்கலையே எடுத்துக்கொண்டு, கப்பல் சரக்குத் தளமான டிரேட்லென்ஸ், வங்கிகளின் வர்த்தகத் தளமான வீ.டிரேட் ஆகிய சேவைகளின் எளிய மாதிரிகளைக் கொண்டு தீர்வைச் செய்துகாட்டியது.

வங்கித் தரப்பின் கேள்வியை 'ரிலே' எனும் இடைச்சேவை எடுத்துச்செல்லும். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற விதியைச் சோதித்தபின், கப்பல் தரப்புக் கணினிகள் பதிலுக்குத் தனித்தனியே டிஜிட்டல் கையொப்பமிடும். பழைய பதிலை மீண்டும் அனுப்பி ஏமாற்ற முடியாதபடி, கேள்வியோடு வந்த ஒருமுறை எண்ணும் அதில் சேரும். பதில், கேட்டவரின் பொதுச்சாவியால் பூட்டப்பட்டே வரும். ஆகவே ரிலேயால் அதைப் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. கொண்டுசேர்க்காமல் தடுக்க மட்டுமே முடியும். வீவரின் உண்மையான சிறப்பு இதுவே: இடையில் நிற்பவரை நம்பத் தேவையில்லை.

ஆனால் யார் யாருடைய கையொப்பம் போதும் என்ற விதி தளர்ந்தால் சான்றும் தளர்ந்துவிடும். 2022 மார்ச்சில், பிளாக்செயின்களுக்கு இடையே கிரிப்டோ நாணயங்களை மாற்றும் ரோனின் பாலத்தில், கையொப்பமிடும் ஒன்பது சாவிகளில் ஐந்து திருடர் கைக்குப் போக, 1,73,600 ஈதர் பறிபோனது. அங்கே கணிதத்தில் பிழையில்லை. சாவிகள் போதிய அளவு பிரிந்திருக்கவில்லை. மேலும், பேரேட்டில் இப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் இத்தகைய சான்று நிறுவும். பெட்டிக்குள் சொன்ன பொருள்தான் இருக்கிறதா என்பதற்கு அது பொறுப்பல்ல.

மாதிரியாக எடுக்கப்பட்ட இரு சேவைகளும் இன்று இல்லை. 2022 நவம்பரில் டிரேட்லென்ஸை மூடும் முடிவை அறிவித்தபோது, உலகளாவிய தொழில்துறையின் முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை என்பதையே அதை நடத்திய மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் காரணமாகக் கூறின.