குவே ஆற்றங்கரையில் பெயரில்லாத் தமிழர்

தாய்லாந்தின் மேற்கே, பாங்காக் நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் காஞ்சனபுரி என்னும் நகர் அமைந்துள்ளது. காஞ்சனம் என்பது பொன். புரி என்பது ஊர். பொன்னூர் எனத் தமிழில் வழங்கத்தக்க இந்நகரில் குவே யாய், குவே நோய் என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றுகூடி, மே குலோங் என்னும் பெயருடன் கடலை நோக்கிச் செல்கின்றன. தாய் மொழியில் குவே என்பது கிளையாற்றைக் குறிக்கும். யாய் என்பது பெரியது. நோய் என்பது சிறியது. சிறியது எனப் பொருள்படும் அச்சொல், தமிழ்ச் செவியில் வேறொரு பொருளோடு ஒலிக்கின்றது. அந்த ஆற்றங்கரையில் தமிழர் பட்ட பாட்டை நோக்குமிடத்து, அப்பொருளும் பொருந்துவதே ஆகும்.

பள்ளி விடுமுறைக் காலங்களில் மலேசியா, சிங்கப்பூர் நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இவ்வாற்றங்கரைச் சிற்றூர்களைக் காணச் செல்கின்றனர். காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை செல்லும் இரயில், கரும்பு வயல்களையும் மரவள்ளித் தோட்டங்களையும் கடந்து மெல்ல ஊர்ந்து செல்லும். தாம் கிராசே என்னுமிடத்தில் ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் ஆறும் இருக்க, மரத்தூண்கள் தாங்கும் பாலத்தின் மீது அது செல்லும்போது, சிறுவர் சாளரத்தின் வழியே எட்டிப்பார்த்து மகிழ்வர். ஆற்றில் மிதவை வீடுகள் அசையும். கரையில் மூங்கிற் புதர்கள் நிழல் பரப்பும். கண்ணுக்கு இனிய இக்காட்சியைச் சுமந்து நிற்கும் அத்தூண்களின் வரலாறு இனியதன்று.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டில் பர்மாவும் சப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் நின்ற படைக்கு உணவும் போர்க்கருவிகளும் அனுப்ப வேண்டுமாயின் மலாக்கா நீரிணையைக் கடந்தே கப்பல்கள் செல்ல வேண்டும். நேச நாடுகளின் நீர்மூழ்கிகளும் வானூர்திகளும் அவ்வழியை இடருடையதாக்கின. எனவே, சயாமில் பான் போங் நகரின் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை அமைக்கச் சப்பானியர் முனைந்தனர். மலையும் அடர்காடும் காய்ச்சலும் நிறைந்த அவ்வழியில் குவே நோய் ஆற்றின் கரையே பாதைக்கு வழிகாட்டியாயிற்று.

1942ஆம் ஆண்டின் நடுவில் வேலை தொடங்கியது. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 1943இன் தொடக்கத்தில் பணியை விரைந்து முடிக்குமாறு கட்டளை பிறந்தது. கைதிகளின் உழைப்பு மட்டும் போதவில்லை. சப்பானியரின் பார்வை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் மீது விழுந்தது.

அக்காலத்தில் தோட்டப்புற மக்களின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. மேலை நாட்டுச் சந்தைகள் அடைபட்டமையால் பால்மரம் சீவும் வேலை குன்றியது. வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி குறைந்தது. மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று. இந்நிலையில், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்னும் அறிவிப்பைக் கேட்டபோது, வறுமையால் வாடியவர்கள் சிலர் தாமே முன்வந்தனர். போனவர் திரும்பாமை கண்டு ஏனையோர் அஞ்சினர். அதன்பின் ஆசை காட்டும் முறை மாறிப் பிடித்துச் செல்லும் முறை வந்தது. தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கணக்கு விதிக்கப்பட்டது. இலவசத் திரைப்படம் எனக் கூட்டி, கூடியவர்களை வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றியதும் உண்டு. மனைவி மக்களிடம் விடைபெறவும் வாய்ப்பின்றிச் சென்றவர் பலர். குடும்பத்தோடு சென்றவரும் உளர். இவ்வாறு மலாயாவிலிருந்து சென்றோர் 70,000 பேருக்கு மேல் இருப்பர் என்றும், அவருள் பெரும்பாலோர் தமிழர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர்.

சரக்கு இரயில் பெட்டிகளில் நெருக்கி அடைக்கப்பட்டுப் பல நாள் பயணம் செய்து பான் போங் சேர்ந்தவர்கள், அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக முகாம்களுக்கு நடத்தப்பட்டனர். 1943ஆம் ஆண்டின் பருவமழை பெய்தபோது வாந்திபேதி பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காற்புண்ணும் உடன் வந்தன. போர்க்கைதிகளும் பெருந்துயர் அடைந்தனர் என்பது உண்மையே. எனினும் அவர்களிடையே மருத்துவர் இருந்தனர். கட்டளையிடும் அதிகாரிகள் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், கழிவிடத்தைக் காத்தல் போன்ற ஒழுங்குகள் இயன்றவரை பின்பற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளர்க்கோ தலைமையும் இல்லை. போதிய மருந்தும் இல்லை. ஒரே மழை, ஒரே நோய், ஒரே காடாக இருந்தும் தொழிலாளர் முகாம்களில் சாவு மிகுந்தமைக்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

1943 அக்டோபர் 17ஆம் நாள் இருபுறத்திலிருந்தும் வந்த பாதைகள் இணைந்தன. அதற்குள் போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் மடிந்திருந்தனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சீனர், சாவகத்தார் எனப் பல இனத்தைச் சேர்ந்த ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் தொகை 90,000 வரை இருக்கும் எனச் சிலர் மதிப்பிடுவர். கைதிகளின் சாவுக்குக் கணக்குண்டு. தொழிலாளரின் சாவுக்கு மதிப்பீடு மட்டுமே உண்டு.

இவ்வேறுபாட்டை இன்றும் காஞ்சனபுரியில் கண்ணாரக் காணலாம். நகரின் நடுவே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். பெயர் தெரிந்த ஒவ்வொருவர்க்கும் பெயரும் வயதும் பொறித்த பலகை உண்டு. புல் வெட்டப்பட்டு மலர்ச்செடிகள் பேணப்படுகின்றன. அவர்களுக்கு நூல்களும் உண்டு, திரைப்படமும் உண்டு. 1957ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் படம் குவே ஆற்றுப் பாலத்தை உலகறியச் செய்தது. படத்தைக் கண்டு பாலத்தைத் தேடி வந்தோர் பெருகவே, மே குலோங் என வழங்கிய ஆற்றின் மேற்பகுதிக்கே குவே யாய் என்னும் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. ஒரு திரைப்படத்தால் ஆறே பெயர் பெற்றது. அவ்வாற்றங்கரையில் மாண்ட தமிழரோ பெயர் பெறவில்லை. காடே அவர்களுக்குக் கல்லறையாயிற்று.

ஆயினும் அவர்கள் முற்றிலும் மறக்கப்பட்டனர் எனக் கூறுதல் பொருந்தாது. 1944இல் சப்பானியப் படையினரே பாலத்தின் அருகே எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. தோட்டப்புறப் பாடல்களில் சயாமுக்குப் போனவர்களின் துயரம் ஒலித்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரத்தை மலேசியத் தமிழிலக்கியத்தில் பதிவு செய்தன. 2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியம் கூறுகின்றது. வாளேந்தாது மண்வெட்டி ஏந்தி வீழ்ந்தவர்க்கும் அம்மரபு உரியதாயிற்று; ஆனால் அதற்கு எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

கல்லில் பெயர் பொறிக்க வேண்டுமாயின் முதலில் பெயர் தெரிதல் வேண்டும். காட்டிலிருந்து மீண்டு வந்தோருள் மிகப் பலர் இன்று இல்லை. அவர்கள் கூறக் கேட்ட மக்களும் முதுமை எய்திவிட்டனர். எந்தத் தோட்டத்திலிருந்து யார் சென்றார், யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்னும் செய்தி பல இல்லங்களில் வாய்மொழியாக மட்டுமே வாழ்கின்றது. அதனைக் கேட்டு எழுதிவைத்தல் தமிழ் மாணவர் செய்யத்தக்க வரலாற்றுப்பணி. அதற்கு வழிகாட்டுதல் தமிழாசிரியர் கடன். விடுமுறையில் அவ்வாற்றங்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் இயற்கையழகைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. இரயில் அம்மரப்பாலத்தைக் கடக்கும்போது, அத்தூண்களை நட்ட கைகள் யாருடையவை என்பதைப் பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லுதல் வேண்டும். சொல்லப்படும் வரையில்தான் அவர்கள் வரலாற்றில் வாழ்வர்.