மேடை கண்ட மன்னரும் வரலாறு கண்ட மன்னரும்

மறைந்த மாந்தரை மீண்டும் நம் கண்முன் நடமாடச் செய்யும் ஆற்றல் நாடகத்திற்கு உண்டு. அதனோடு இசையும் கூடுமாயின் அவ்வாற்றல் இருமடங்காகிறது. ஏட்டில் படித்ததை நாம் மறந்துவிடுகிறோம். பாட்டோடு கேட்டதை மறப்பதில்லை. ஆகவே, மேடை ஒருவருடைய வாழ்வை மாற்றிக் காட்டிவிட்டால், அம்மாற்றமே உலகின் நினைவில் நிலைத்துவிடுகிறது. இதற்கு ஒரு சான்றாகச் சயாம் நாட்டு மன்னர் மோங்குட், அவர் மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவென்ஸ் ஆகிய இருவர் வரலாற்றையும் ஆராய்வோம். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து.

1951 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் நகரில் 'தி கிங் அண்ட் ஐ' என்னும் இசை நாடகம் அரங்கேறியது. பாடல்களையும் உரையாடலையும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதினார். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்தார். முதல் அரங்கேற்றத்திலேயே அது 1,246 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்றது. மன்னராக நடித்த யூல் பிரின்னர் 1985 வரையில் 4,000 முறைக்கும் மேலாக அவ்வேடம் புனைந்தார். நாடகத்தின் கதை எளியது. முரட்டுத்தனமும் குழந்தையுள்ளமும் கலந்த கீழ்நாட்டு அரசர் ஒருவர். அவருக்கு நாகரிகத்தின் நெறிகளை உணர்த்தும் ஆங்கில மாது ஒருத்தி. இறுதியில் அம்மாது அருகிருக்க மன்னர் உயிர் துறக்கிறார்.

இனி, வரலாறு கண்ட மன்னரைக் காண்போம். மோங்குட் 1804 இல் பிறந்தவர். இளமையிலேயே துறவு பூண்டு, 27 ஆண்டுகள் பௌத்தத் துறவியாக வாழ்ந்தார். பாலி மொழியில் பெரும்புலமை எய்தினார். சங்கத்தின் ஒழுக்க நெறிகளைச் சீர்திருத்தினார். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரிடம் இலத்தீனும், அமெரிக்கச் சமயத் தொண்டர்களிடம் ஆங்கிலமும் பயின்றார். 1851 இல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 46. அக்காலத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் கீழ்த்திசை நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தன. கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று; சைகோன் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. மோங்குட்டோ 1855 இல் ஆங்கிலேயரோடு வாணிக உடன்படிக்கை செய்துகொண்டு, சில உரிமைகளை விட்டுக்கொடுத்துத் தம் நாட்டின் விடுதலையைக் காத்தார். இத்தகைய அரசருக்கு மேலை நாட்டு அறிவை அன்னாதான் புகட்டினார் என்பது பொருந்துமா? அன்னா பாங்காக் சேர்ந்தது 1862 இல். மன்னர் ஆங்கிலம் பயின்றதோ அதற்கு நெடுநாள் முன்னர். அந்த மொழியின் இன்றியமையாமையை உணர்ந்திருந்ததனாலன்றோ அவர் தம் மக்களுக்கு ஓர் ஆசிரியையை வரவழைத்தார்?

மன்னரின் முடிவும் நாடகம் காட்டுவது போன்றதன்று. அன்னா 1867 இலேயே சயாமை விட்டுப் போய்விட்டார். வானநூல் வல்லவரான மோங்குட், 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நேரும் என்று முன்னரே கணித்து, அதனைக் காண வா கோ என்னும் கடற்கரையூருக்கு ஐரோப்பிய விருந்தினரை அழைத்துச் சென்றார். அதே நாளில் நம் குண்டூரிலிருந்து ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்கிரகணத்தை ஆராய்ந்தார் என்பது விஞ்ஞான வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. மன்னரின் கணக்குப் பலித்தது. ஆயினும் அவ்விடத்தில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவர் அக்டோபர் முதல் நாள் உயிர் நீத்தார். அறிவுவேட்கையின் பொருட்டு உயிர் கொடுத்த இம்முடிவு, மேடையில் கண்ட முடிவினும் உயர்ந்ததன்றோ!

அன்னாவின் வாழ்வும் புனைவு மிகுந்தது. ஆனால் அதனைப் புனைந்தவர் அன்னாவே. தாம் வேல்ஸ் நாட்டில் படைத்தலைவர் ஒருவரின் மகளாய்ப் பிறந்ததாகவும், தம் கணவர் இராணுவ மேஜர் என்றும் அவர் கூறிவந்தார். 1970களில் பிரிஸ்டோ என்னும் ஆங்கில அறிஞர் பழைய பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அன்னா 1831 இல் நம் நாட்டு அகமதுநகரில் பிறந்தவர். தந்தை ஒரு சார்ஜண்ட். மகள் பிறக்குமுன்பே இறந்தவர். தாய்வழியில் இந்தியக் குருதி கலந்திருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். கணவர் ஓர் எழுத்தர். 1859 இல் பினாங்கில் மாண்டார். இரு குழந்தைகளோடு கைம்பெண்ணாய் நின்ற அன்னா, சிங்கப்பூரில் பள்ளி நடத்திப் பிழைத்தார். நிறத்தையும் குலத்தையும் கொண்டு மதிப்பளந்த அன்றைய ஆங்கிலச் சமுதாயத்தில், உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு வாயில்கள் திறந்திரா. அவர் பொய்யை நாம் போற்ற வேண்டுவதில்லை. அதன் காரணத்தை உணர்தல் வேண்டும்.

அவர் 1870 இலும் அதனையடுத்தும் எழுதிய இரு நூல்கள் மன்னரைக் கொடியவராகத் தீட்டின. நிலத்தடிச் சிறைகள் இருந்தன என்று அவர் எழுதினார். சிறிது தோண்டினாலே நீர் ஊறும் பாங்காக்கில் அவை எங்ஙனம் அமையும் என வினவினர் அறிந்தோர். 1944 இல் மார்கரெட் லாண்டன் என்னும் அமெரிக்க மாது அந்நூல்களைத் தழுவிக் கதை எழுதினார், கதை திரைப்படமாயிற்று, பின்னர் இசை நாடகமாயிற்று. படிதோறும் உண்மை தேய்ந்தது, சுவை வளர்ந்தது. தாய்லாந்து அரசு அந்நாடகத்தையும் 1956 இல் வந்த அதன் திரைவடிவத்தையும் தடைசெய்தது. அதற்கு முன்னரே, 1948 இல், சேனி, குக்ரித் பிராமோஜ் என்னும் உடன்பிறந்தார் இருவர், தங்கள் மன்னரின் மெய்யான இயல்பை உலகுக்கு உணர்த்த ஆங்கிலத்தில் எழுத முற்பட்டனர். ஆயினும் பாட்டு எட்டிய தொலைவுக்கு ஏடு எட்டவில்லை.

அன்னாவுக்கும் ஒரு வகையில் அநீதியே நேர்ந்தது. சயாமில் கழித்த ஐந்து ஆண்டுகளையே உலகம் அறியும். பின்னர்க் கனடா சென்று, ஹாலிபாக்சில் 1887 இல் ஓர் ஓவியக் கல்லூரி தோன்றத் துணைநின்றதும், மகளிர் உரிமைக்காக உழைத்ததும் மேடை ஏறவில்லை. 1915 இல் அவர் மான்ட்ரியாலில் காலமானார்.

மாணவ நண்பர்களே! கலைஞனுக்குக் கற்பனை உரிமை உண்டு; அதனை மறுத்தால் கலை இல்லை. ஆனால், இறந்தோர் எழுந்து வந்து மறுப்புரைக்க இயலாதவர்கள். அவர்கள் சார்பில் பேசும் பொறுப்பு வரலாற்று மாணவருடையது. நாடகத்தை நாடகமாகச் சுவையுங்கள். அதன் இசையில் மகிழுங்கள். திரை விழுந்தபின், 'இவர் மெய்யாகவே யார்?' என்று ஒரு வினா எழுப்புங்கள். அவ்வினாவே வரலாற்றுக் கல்வியின் முதற்படி.